விமர்சனத்துக்குப் பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் கொண்ட இசைக்குழு. லேபிள் (பாடல்களை வெளியிடும் நிறுவனம்) எதுவும் இல்லை. ஏழு பாடல்கள் கொண்ட முதல் ஆல்பத்தை நாங்களே பதிவு செய்து போன மாதம் வெளியிட்டோம். வெளியான அன்றே, இணையத்தில் தேடி எடுத்த அறுபது இசை இதழ்களுக்கு மெயில் அனுப்பினேன். வந்தது இரண்டே பதில்கள். இரண்டும் ஒரே மாதிரி: இவ்வளவு கட்டினால் விமர்சனம், கூடக் கட்டினால் பேட்டியும் உண்டு. "பத்திரிகையெல்லாம் செத்துப்போச்சு, அந்தப் பணத்தைச் சமூக ஊடக விளம்பரத்தில் போடலாம்" என்கிறார் எங்கள் டிரம்மர். நான் இசை இதழ்களைப் படித்து வளர்ந்தவள். அப்படி ஒதுக்கிவிட மனம் வரவில்லை. பணம் கொடுக்கலாமா? எங்கே தவறினோம்? தொழில்துறை இதழ்களுக்குச் சந்தா கட்டினால் பயன் உண்டா? பேசாமல் நாங்களே ஒரு சிறு இதழ் தொடங்கிவிட்டால் என்ன? நாங்கள் அனுப்பிய அறிமுகக் குறிப்பையும் இதழ்களின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

பி.கு.: பதிவின் தரம் பற்றி யாராவது குறை சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. ஸ்டூடியோவுக்கு வசதியில்லாததால் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக் கூடத்தில், ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகு இரவில்தான் பதிவு செய்தோம். சத்தம் அதிகமாகாமல் இருக்க டிரம்ஸ் எல்லாவற்றின் மேலும் துண்டு போர்த்தி வாசித்தோம். நான்காவது பாட்டில் யாரோ படியேறும் சத்தம்கூடக் கேட்கும். எடுக்க முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டோம்.

பதில்:

பணம் கொடுக்காதீர்கள். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு விமர்சனத்துக்கு எங்கிருந்து மதிப்பு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். எழுதியவர் உங்கள் ஆல்பத்தை வேண்டாம் என்று தள்ளியிருக்கலாம். கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கலாம். அதற்கெல்லாம் உரிமை உள்ள ஒருவர் அதை எடுத்துக் கேட்டு, நேரம் செலவழித்து எழுதியிருக்கிறார் என்பதுதான் படிக்கிறவருக்குச் செய்தி. காசு வாங்கியவருக்கு அந்த உரிமை போய்விடுகிறது. அதற்கப்புறம் அவர் என்ன புகழ்ந்தாலும் அது நீங்களே உங்களைப் பற்றி எழுதிக்கொண்டதற்குச் சமம். உங்களுக்குப் பதில் போட்ட அந்த இரண்டு இதழ்களையும் திறந்து கடைசி இருபது விமர்சனங்களைப் படித்துப் பாருங்கள். எல்லா ஆல்பமும் அருமை, எல்லாக் குழுவும் நாளைய நட்சத்திரம் என்றுதான் இருக்கும். அந்தப் பக்கங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பணம் கட்டிய குழுக்களும் அவர்களுடைய நண்பர்களும்தான். உங்கள் பாட்டைத் தேடுகிற ரசிகர் அங்கே இல்லை.

விளம்பரம் என்பது வேறு. சிறிய, சுதந்திரமான இசை இதழ்கள் பலவும் வாசகர் சந்தாவிலும், சின்ன லேபிள்களும் இசைக்கருவி நிறுவனங்களும் கொடுக்கிற விளம்பரத்திலும்தான் உயிர் வாழ்கின்றன. கால் பக்க விளம்பரம் வாங்கி, அது விளம்பரம் என்று தெரிகிற மாதிரி போட்டால் அதில் ஒரு தப்பும் இல்லை; ஒரு நல்ல இதழுக்குக் கைகொடுத்த மாதிரியும் ஆகும். அமெரிக்க வானொலியில் 1950களில் பாட்டு போடுவதற்குக் கமுக்கமாகப் பணம் வாங்குகிற பழக்கம் பெருகி, 1959-60இல் நாடாளுமன்ற விசாரணை வரைக்கும் போனது. அதன் பிறகு 1960இல் வந்த சட்டத் திருத்தம் கேட்டது ஒன்றுதான்: பணம் வாங்கிக்கொண்டு ஒலிபரப்பினால் அதை நேயர்களிடம் சொல்லிவிட வேண்டும். இதழ்களுக்கும் இதே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். "விளம்பரம் கொடுத்தால் விமர்சனமும் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு விளம்பரப் பிரிவு ஆள் சொன்னால், நிஜ இதழாகவே இருந்தாலும் விலகிவிடுங்கள்.

இனி, எங்கே தவறியது என்ற கேள்வி. ஒரு மாத இதழின் விமர்சனப் பக்கங்களைப் பல வருடங்கள் பார்த்துக்கொண்டவன் என்பதால் உங்கள் மெயில் போய்ச் சேர்ந்த இடத்தை என்னால் விவரிக்க முடியும். அச்சு இதழ் என்றால், வாசகர் கைக்கு வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே பக்கங்கள் முடிந்துவிடும். எந்த ஆல்பத்தை யார் எழுதுவது என்பது அதற்கும் முன்னால் முடிவாகிவிடும். ஆக, இன்றைக்கு வெளியான ஆல்பத்தை இன்றைக்கே அனுப்பினால் ஆசிரியர் மனதில் அது ஏற்கெனவே பழசு. அச்சு இதழுக்கு வெளியீட்டுத் தேதிக்கு மூன்று மாதம் முன்னால், இணைய இதழுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் பாட்டு அவர்கள் காதில் விழ வேண்டும். வெளியான பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று பல குழுக்கள் நினைத்துக்கொள்கின்றன. உங்கள் மெயில்கள் வீணானதற்கு முதல் காரணம் பாட்டின் தரம் இல்லை, நாட்காட்டி.

இரண்டாவது காரணம் முகவரி. இதழின் பொது முகவரிக்கு வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் வரும். அதைத் திறக்கிற ஆசிரியர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. வெளியிலிருந்து எழுதுகிற எழுத்தாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். பெரும்பாலான சமயம், அந்த எழுத்தாளர்களே "இந்த மாதம் இதை எழுதட்டுமா?" என்று கேட்டுத்தான் ஒரு ஆல்பம் பக்கத்துக்குள் வருகிறது. சிறு இதழ்களில் எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கிற ஊதியம் மிகக் குறைவு. சில இதழ்களில் அதுவும் கிடையாது. அப்படியிருந்தும் எழுதுகிறார்கள் என்றால் ஏதோ ஒருவகை இசை மேல் அவர்களுக்குத் தீராத பைத்தியம் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் தேட வேண்டியது அந்த ஆளைத்தான். அறுபது இதழ்களின் பெயரைத் திரட்டிய நேரத்தில் ஆறு எழுத்தாளர்களைக் கண்டுபிடித்திருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? உங்களுக்குப் பிடித்த மூன்று இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் கடந்த ஆறு இதழ்களின் விமர்சனப் பகுதியைப் படியுங்கள். அட்டைப்படக் கட்டுரையை விட்டுவிடுங்கள். பின்பக்கங்களில் நாலு வரி, எட்டு வரியில் வருகிற சின்ன விமர்சனங்களைப் பாருங்கள், அங்கேதான் உங்களை மாதிரிக் குழுக்கள் வரும். உங்களுடைய இசைக்குப் பக்கத்தில் நிற்கிற ஆல்பங்களை எழுதியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர் இரண்டு மூன்று முறை வந்தால் அவர்தான். அவர் எழுதியதை முழுதாகப் படித்துவிட்டு, உங்கள் ஆல்பம் அவருக்கு ஏன் ஒத்துப்போகும் என்று ஒரு வரி உங்களால் எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லையென்றால் அனுப்ப வேண்டாம்.

மூன்றாவது காரணம் நீங்கள் இணைத்திருந்த அறிமுகக் குறிப்பு. அதன் முதல் வரி இப்படி இருக்கிறது: "எல்லைகளைக் கடந்து, பல இசை வகைகளை ஒன்றிணைத்து, கேட்பவர்களை ஒரு புதிய ஒலிப் பயணத்துக்கு அழைத்துச் செல்லும் ஆல்பம்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த வரியை வெட்டி வேறு எந்தக் குழுவின் குறிப்பில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இப்படி நாற்பது வரிகளைப் படிக்கிற கண்ணுக்கு அது வெறும் வெள்ளைத்தாள்.

உங்கள் கடிதத்தின் பின்குறிப்பைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாடிப்படிக் கூடம். ஆள் நடமாட்டம் ஓய்ந்த இரவுகள். துண்டு போர்த்திய டிரம்ஸ். நான்காவது பாட்டில் யாரோ ஒருவர் படியேறுகிற காலடி. இதில் ஒரு வார்த்தைகூட உங்கள் அறிமுகக் குறிப்பில் இல்லை. குறை என்று நினைத்து ஒளித்துவைத்திருக்கிறீர்கள். கேட்காமலேயே அந்தப் பதிவு எப்படி ஒலிக்கும் என்று எனக்குப் பாதி புரிந்துவிட்டது: குரலுக்கு உயரமான கூடத்தின் நீண்ட எதிரொலி, அடியில் ஓசை அமுங்கிய, குட்டையான டிரம்ஸ். அந்த இரண்டும் சேர்ந்து எப்படி இருக்கும் என்று கேட்கத் தோன்றிவிட்டது. ஒரு விமர்சகருக்கும் அதுதான் தோன்றும். மெயிலை நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

"வணக்கம். போன இதழில் வீட்டுப் பதிவு ஆல்பங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் முதல் ஆல்பத்தை ஒரு மாடிப்படிக் கூடத்தில், ஆள் நடமாட்டம் ஓய்ந்த இரவுகளில் பதிவு செய்தோம். அக்கம்பக்கத்தில் கேட்காமல் இருக்க டிரம்ஸ் மேல் துண்டு போர்த்தி வாசித்திருக்கிறோம். நான்காவது பாட்டில் யாரோ படியேறும் சத்தமும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம். கேட்பதற்கான லிங்க் கீழே. வெளியீட்டுத் தேதி இது. அதுவரை லிங்க்கைப் பகிர வேண்டாம். படங்களும் பாடல் விவரங்களும் இன்னொரு லிங்க்கில்."

அவ்வளவு போதும். ஆறேழு வரி. பாட்டுக் கோப்புகளை மெயிலோடு இணைக்காதீர்கள். பெட்டியை அடைத்துக்கொண்டு எரிச்சல்தான் வரும். லாகின் கேட்காமல், ஒரே அழுத்தில் பாடத் தொடங்குகிற லிங்க் வேண்டும். படங்கள் அச்சுக்கு ஏற்ற அளவில், அதாவது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் இருக்கட்டும். படம் எடுத்தவர் பெயரும், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயரும் கோப்பின் பெயரிலேயே இருந்தால் கடைசி நேரத்தில் பக்கம் முடிக்கிறவர் உங்களை வாழ்த்துவார். இடத்தை நிரப்ப ஒரு படம் தேவைப்படுகிற இரவில், சரியான அளவில் தயாராக இருந்த ஒரே காரணத்துக்காக அறிமுகமில்லாத குழுவின் படம் உள்ளே போன சந்தர்ப்பங்கள் உண்டு. பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் இந்த ஆல்பத்துக்கு அவர் வேண்டாம். அடுத்த ஆல்பத்துக்குப் பார்க்கலாம்.

விமர்சனம் சாதகமாக வராவிட்டால் என்ன செய்வது என்றும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பெயரோ தேதியோ தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். கருத்துக்கு மறுப்பு எழுத வேண்டாம். கடுமையாக எழுதியவர் இரண்டு ஆல்பம் கழித்து அதே குழுவை மனதாரப் பாராட்டியதை நான் பார்த்திருக்கிறேன். முதல் முறையே கவனமாகக் கேட்டிருந்ததால்தான் அப்படி எழுத முடிந்தது.

உங்கள் கண்ணில் படாமல் போன இன்னொரு வாசல் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய அறுபதும் ரசிகர்கள் படிக்கிற விமர்சன இதழ்கள். இசைக் கலைஞர்கள் படிக்கிற செய்முறை இதழ்கள் ஒன்றுகூட உங்கள் பட்டியலில் இல்லை. 1985இல் பிரிட்டனில் தொடங்கிய 'சவுண்ட் ஆன் சவுண்ட்' ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்துக்கான இதழ். லாரி கிரேன் 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய 'டேப் ஆப்', கையில் இருக்கிற கருவிகளை வைத்துக் கற்பனையோடு பதிவு செய்கிறவர்களின் இதழ். டிரம்மர்களுக்கு 'மாடர்ன் டிரம்மர்' 1977இலிருந்து வருகிறது. ஜாஸ் உலகத்தின் 'டவுன்பீட்' 1934இல் தொடங்கியது. விமர்சனத்தோடு, கலைஞர்களின் தனி வாசிப்புகளை ஸ்வரக் குறிப்பாக எழுதியும் போடுவார்கள். இந்த வகை இதழ்களில் "நீங்கள் யார், எவ்வளவு பிரபலம்?" என்பதைவிட "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்பது பெரிய கேள்வி. முகம் தெரியாத குழுவுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை! மாடிப்படிக் கூடத்தில் மைக்கை எந்தப் படியில் வைத்தீர்கள், எதிரொலி குரலை விழுங்கிவிடாமல் எப்படிச் சமாளித்தீர்கள், எந்தத் துணி எந்த டிரம்முக்குச் சரிப்பட்டது என்றெல்லாம் உங்களால் இரண்டு பக்கம் எழுத முடியும். அது உங்களைப் பற்றிய கட்டுரையாக இருக்காது, மற்றவர்களுக்குப் பயன்படுகிற கட்டுரையாக இருக்கும். அதைப் படித்த ஒலிப்பதிவாளர் பாட்டைத் தேடிக் கேட்பார். கேட்ட பிறகு, வாசிக்கிற நாலு பேரிடம் சொல்லவும் செய்வார்.

தொழில்துறை இதழ்கள் இதிலிருந்தும் வேறு. 'பில்போர்ட்' 1894இல் சின்சினாட்டியில் தொடங்கியபோது அது இசை இதழே அல்ல. சுவரொட்டி ஒட்டுகிற, விளம்பரப் பலகை வைக்கிற தொழிலுக்கான இதழ். பிறகு சர்க்கஸ், திருவிழாக் கண்காட்சி என்று போய், மெல்ல மெல்ல இசைக்கு வந்து சேர்ந்தது. இன்று எல்லோருக்கும் தெரிந்த அதன் 100 பாடல்கள் பட்டியல் 1958 ஆகஸ்டில்தான் வந்தது. பிரிட்டனில் 'மியூசிக் வீக்', மேடை நிகழ்ச்சித் துறைக்கு 'போல்ஸ்டார்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். லேபிள் நடத்துகிறவர், நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவர், விநியோகஸ்தர், உரிமைகளைப் பார்த்துக்கொள்கிற வழக்கறிஞர், இவர்கள்தான் அதன் வாசகர்கள். அங்கே உங்கள் பாட்டை அனுப்பி விமர்சனம் எதிர்பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

ஆனால் படிப்பதில் அர்த்தம் இருக்கிறது. பெரிய தலைப்புச் செய்தியைத் தாண்டி, யார் எந்த வேலைக்கு மாறினார் என்று வருகிற சின்னப் பகுதியைப் படியுங்கள். சின்னக் குழுக்களைத் தேடிப் பிடித்து மேடை ஏற்றுகிற ஒருவர் இன்னொரு விழாவுக்குப் பொறுப்பேற்றிருப்பது தெரிந்தால், அந்த விழாவின் கதவைத் தட்ட அதுதான் நேரம். ஒப்பந்தம், பதிப்புரிமை, ராயல்டி பற்றிய செய்திகளை வழக்கமாகப் படித்துவந்தால், நாளைக்கு உங்கள் முன்னால் ஒரு தாளை வைத்துக் கையெழுத்துக் கேட்கும்போது எந்த வரியில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்று தெரியும். இதற்காக நால்வரும் தனித்தனியாகச் சந்தா கட்ட வேண்டியதில்லை. ஒரு சந்தா எடுத்து, உங்களில் பொறுமையான ஒருவர் மாதம் ஒரு முறை முக்கியமானதை மற்றவர்களுக்குச் சொன்னால் போதும். இப்போதைய நிலையில் அதுகூட அவசரமில்லை. நூலகத்தில் கிடைத்தால் அங்கேயே படியுங்கள்.

உங்கள் டிரம்மர் சொன்னதையும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். 1926இல் தொடங்கிய பிரிட்டிஷ் இசை இதழ் 'மெலடி மேக்கர்' 2000 கடைசியில் 'என்.எம்.இ.' (நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்) என்ற போட்டி இதழோடு இணைக்கப்பட்டு மறைந்தது. அந்த என்.எம்.இ.யின் அச்சு வார இதழ் 2018 மார்ச்சோடு நின்றது. 'க்யூ' என்ற பிரிட்டிஷ் மாத இதழ் 2020இல் மூடப்பட்டது. இணையத்திலேயே பிறந்து வளர்ந்த 'பிட்ச்ஃபோர்க்' 2015இல் ஒரு பெரிய பதிப்பு நிறுவனத்திடம் போய், 2024 ஜனவரியில் அதே நிறுவனத்தின் ஆண்கள் இதழான 'ஜி.க்யூ.'வின் கீழே வைக்கப்பட்டது. பலருக்கு வேலை போனது. இவற்றை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் எது நிற்கிறது என்றும் பாருங்கள். 1982இல் தொடங்கிய 'தி வயர்' இன்றும் மாதாமாதம் வருகிறது. அதன் உரிமையாளர்கள் அதில் வேலை செய்கிறவர்களே. 2008இல் பிறந்த 'தி க்வயட்டஸ்' வாசகர் சந்தாவின் துணையோடு நடக்கிறது. டேப் ஆப், சவுண்ட் ஆன் சவுண்ட் இரண்டும் இருக்கின்றன. வீழ்ந்த பெரிய இதழ்கள் பலவும் பெரும் விளம்பரத்தையும் கடை விற்பனையையும் நம்பியிருந்தவை. நிற்கிறவை பெரும்பாலும் தன் வாசகர் யார் என்று தெரிந்த சின்ன இதழ்கள். உங்களை மாதிரிக் குழுவுக்கு அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அந்தச் சின்ன இதழ்கள்தான் இடம். பெரிய இதழின் அட்டைக்காகக் காத்திருந்தால்தான் டிரம்மர் சொல்வது உண்மையாகிவிடும்.

ஒரு விமர்சனத்தால் நாளைக்கே கேட்பவர் எண்ணிக்கை எகிறும் என்று நான் சொல்லமாட்டேன். எகிறாமலும் போகலாம். விளம்பரத்துக்குச் செலவழித்தால் ஒருவேளை எண்ணிக்கை உடனே கூடும். பணம் தீர்ந்ததும் நின்றுவிடும். விமர்சனம் வேறு மாதிரி வேலை செய்கிறது. விழா அமைப்பாளர் உங்கள் பெயரைத் தேடும்போது, உங்களுக்கு உறவோ நட்போ இல்லாத ஒருவர் உங்கள் இசையைப் பற்றி யோசித்து எழுதிய பத்து வரி அங்கே இருக்கும். அடுத்த வருடமும் இருக்கும்.

இதழ்கள் கலைஞர்களுக்குச் செய்த உதவியில் விமர்சனம் ஒரு பகுதிதான். 'ஸ்வேட்' என்ற பிரிட்டிஷ் குழு, முதல் சிங்கிள் (தனிப் பாடல் வெளியீடு) வெளிவருவதற்கு முன்பே 1992 ஏப்ரலில் மெலடி மேக்கர் அட்டையில் வந்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1989இல் நடந்தது: அதே குழு கிட்டார் வாசிக்க ஆள் வேண்டும் என்று என்.எம்.இ.யில் ஒரு வரி விளம்பரம் கொடுத்தது. அதைப் பார்த்து வந்தவர் பெர்னார்ட் பட்லர். அந்த அட்டையை வாங்கிக் கொடுத்த பாடல்களை இசையமைத்தவரே அவர்தான். ஒரே மாதிரி ரசனை உள்ளவர்கள் ஒரே இதழைப் படிப்பார்கள் என்பதால் நடந்த சந்திப்பு அது.

இது உங்கள் கடைசிக் கேள்விக்குக் கொண்டுவருகிறது. இதழ் தொடங்கலாமா? தொடங்குங்கள். ஆனால் உங்கள் ஆல்பத்துக்காகத் தொடங்காதீர்கள்.

இசைக் கலைஞர்களே இதழ் தொடங்குவது புதிதல்ல. ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் 1834இல் லைப்சிக் நகரில் நண்பர்களோடு சேர்ந்து ஓர் இசை இதழைத் தொடங்கியபோது அவருக்கு 23 வயது. பத்து வருடம் அதை நடத்தினார்; ஷோப்பான், பெர்லியோஸ் போன்ற சமகால இசையமைப்பாளர்களைப் பற்றி அதில் எழுதினார். விலகிப் பல வருடம் கழித்து, 1853இல் அதே இதழில் இருபது வயது இளைஞன் ஒருவனை உலகத்துக்கு அறிமுகம் செய்து ஒரு கட்டுரை எழுதினார். அந்த இளைஞன்தான் பின்னாளில் பெரும் புகழ்பெற்ற இசையமைப்பாளர் பிராம்ஸ். ஷூமன் பெரிய இசையமைப்பாளர். தன்னைப் பற்றி எழுதிக்கொள்ள அவருக்குக் கையில் இதழ் இருந்தது. அந்தப் பக்கங்களை அவர் மற்றவர்களுக்குக் கொடுத்தார். இதழ் இன்றும் வெளிவருகிறது.

ரசிகர் இதழ்களின் கதையும் அதுதான். 1976இல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி எழுத்தர், தனக்குப் பிடித்த பங்க் இசையைப் பற்றி யாரும் சரியாக எழுதவில்லை என்று 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற இதழைத் தட்டச்சு செய்து, தலைப்புகளைப் பேனாவால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து விற்றார். முதல் இதழ் ஐம்பது பிரதி அளவில்தான். ஒரு வருடத்துக்குள் ஆயிரக்கணக்கில் போக ஆரம்பித்தது, அப்போதே நிறுத்திவிட்டார். அமெரிக்காவில் ப்ரூஸ் பேவிட் 1980இல் தொடங்கிய 'சப்டெர்ரேனியன் பாப்' சிறு ஊர்களின் குழுக்களைப் பற்றி எழுதியது. சில இதழ்கள் தாளுக்குப் பதில் பாடல் தொகுத்த கேசட்டாகவே வந்தன. அந்த இதழ்தான் பின்னாளில் 'சப் பாப்' லேபிள். பிறகு உலகப் புகழ்பெற்ற நிர்வாணா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தை 1989இல் வெளியிட்டது அதுவே. 'டச் அண்ட் கோ' லேபிளும் மிச்சிகனில் 1979இல் தொடங்கிய ரசிகர் இதழிலிருந்து வந்ததுதான். ஊர் ஊராகக் கடிதம் எழுதி, டேப் வாங்கிக் கேட்டு, எழுதி எழுதி, யார் எங்கே என்ன வாசிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. லேபிள் நடத்துவதற்கு அதைவிட என்ன பயிற்சி வேண்டும்?

நடைமுறைக்கு வருகிறேன். ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். எனவே பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வர வேண்டும். முதல் இதழுக்குப் பதினாறு பக்கம் தாராளம். மாத இதழ் என்று போட்டுக்கொள்ளாதீர்கள், தேதி உங்களை விரட்டும். இதழ் எண்ணும் வருடமும் மட்டும் போடுங்கள். ஜெராக்ஸில் படங்கள் இருண்டுவிடும், முன்கூட்டியே வெளிச்சத்தைக் கூட்டுங்கள். படம் எடுத்தவரிடம் அனுமதி வாங்குங்கள். பாடல் வரிகளை முழுசாகப் போட வேண்டுமென்றால் எழுதியவரிடமும் கேட்க வேண்டும். உங்கள் குழுவைப் பற்றி விமர்சனம், பேட்டி எதுவும் உள்ளே வரக்கூடாது. பின் அட்டையில் ஆல்பத்துக்கு ஒரு விளம்பரம் போட்டுக்கொள்ளலாம், விளம்பரம் என்று தெரிகிற மாதிரி. உங்களோடு மேடை பகிர்ந்த குழுக்கள், உங்களுக்கு ஒலி அமைத்தவர், கவனிக்கப்படாமல் போன ஒரு பழைய ஆல்பம், இவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு இதழிலும் இரண்டு பிரதியைத் தனியாக எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் உங்கள் வட்டாரத்து இசையைப் பற்றி யாராவது தேடினால், உங்கள் ஜெராக்ஸ் பிரதி மட்டும்தான் மிஞ்சியிருக்கக்கூடும்.

அப்புறம், வெளியாகிவிட்ட ஆல்பத்தை என்ன செய்வது? அதே அறுபது பேருக்கு மறுபடி அனுப்ப வேண்டாம். கேசட்டாகவோ இசைத்தட்டாகவோ ஒரு பதிப்பு கொண்டுவர முடியுமென்றால் அதற்கு ஒரு புதிய தேதி கிடைக்கும். முடியாவிட்டால் அதே கூடத்தில் இன்னும் இரண்டு பாட்டுப் பதிவு செய்து தனியாக வெளியிடுங்கள். எப்படியானாலும் தேதியை இன்றிலிருந்து நான்கு மாதம் தள்ளி வையுங்கள். முதல் மாதம் பழைய இதழ்களைப் படித்து ஆறு பேரைத் தேடுவதற்கு. பணம் கேட்ட இரண்டு இதழ்களுக்கும் நன்றி சொல்லி, வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். துண்டு போர்த்திய டிரம்ஸைப் பற்றி டிரம் இதழுக்கு எழுத வேண்டிய கடிதத்தை உங்கள் டிரம்மரே எழுதட்டும். எந்தத் துணி, எத்தனை மடிப்பு, எந்த டிரம்மில் எப்படிக் கேட்டது என்பது அவருக்குத்தான் தெரியும்.